பத்மினியின் பாதங்கள் எங்கே? – இரண்டு வெளிநாட்டு டிஸ்க்குகளும் நம்ம ஊர் பிரதிகளும்

டிசம்பர் வந்துட்டா இணையத்துல "இந்த ஆண்டின் சிறந்த ப்ளூரேக்கள்"னு பட்டியல்கள் வர ஆரம்பிக்கும். ஜப்பானிய சாமுராய் படம், இத்தாலியப் பேய்ப்படம், செக் நாட்டு அனிமேஷன்னு எதெதுவோ இருக்கும். பல வருஷமா அதுல ஒரு தமிழ்ப் பெயர் தென்படுதான்னு தேடுறது எனக்கு ஒரு வழக்கம். ஏமாந்து போறதும் வழக்கம்தான்.

போன டிசம்பரில் கூட வேலை பார்க்கிற பையன் ஒருத்தன் கேட்டான்: "சார், இப்போ யாரு சார் டிஸ்க் வாங்குறா? எல்லாம்தான் ஓடிடியில இருக்கே?" நியாயமான கேள்வி. உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பிச்சது இவ்வளவு நீளமாகிவிட்டது.

முதலில் சுருக்கம். இரண்டு டிஸ்க்குகளைப் பரிந்துரைக்கிறேன். இரண்டுமே வெளிநாட்டில் வந்தவை, இரண்டிலும் நம்ம மெட்ராஸ் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று, அளவுகோலாக வைத்துக்கொள்ள. அதற்குப் பிறகு, ஒரு தமிழ்ப் படத்தின் பிரதி நல்ல பிரதியா இல்லையா என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்க நான் பயன்படுத்தும் சில சோதனைகள்.

டிஸ்க் எதுக்கு?

வியாபாரமாகப் பார்த்தால் டிஸ்க்கின் கதை முடிந்துகொண்டிருக்கிறது. சாம்சங் 2019-லேயே ப்ளூரே பிளேயர் செய்வதிலிருந்து விலகிவிட்டது. நெட்ஃப்ளிக்ஸ் தன் தபால் டிவிடி சேவையை 2023 செப்டம்பரில் மூடியது. சோனி, நாம் எழுதிக்கொள்ளும் வகை ப்ளூரே டிஸ்க்குகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

நம்ம ஊரில் இது இன்னும் முன்னாடியே முடிந்துவிட்டது. 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுத்தபோது, திருட்டு சிடி விலைக்கே ஒரிஜினல் வந்துவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மளிகைக் கடையில்கூடத் தொங்கியது. அந்த நிறுவனம் 2018-ல் கலைப்புக்கே போய்விட்டது. இடையில் 2015-ல் சேரன் 'சி2எச்' என்ற திட்டத்தைத் தொடங்கி, தன்னுடைய 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை நேரடியாக டிவிடியில் வீட்டுக்கே அனுப்பினார். அதுவும் நீடிக்கவில்லை.

அப்புறமும் ஏன் டிஸ்க்? எனக்கு இதற்குப் பதில் 2025 ஆகஸ்டில் கிடைத்தது. தனுஷ் நடித்து 2013-ல் வந்த 'ராஞ்சனா' இந்திப் படத்தின் தமிழ் வடிவம் 'அம்பிகாபதி'. உரிமை வைத்திருந்த நிறுவனம், செயற்கை நுண்ணறிவை வைத்து முடிவையே மாற்றி அதை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தது. செத்துப்போகும் கதாநாயகன் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷும் கண்டித்து அறிக்கை விட்டார். ஒன்றும் ஆகவில்லை, படம் ஓடியது.

மென்பொருள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஓடிடியில் இருக்கும் படம் கிட்-டில் மெயின் பிராஞ்ச் மாதிரி. உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் ஃபோர்ஸ் புஷ் பண்ணலாம். நேற்று என்ன இருந்தது என்று காட்ட நம்மிடம் எதுவும் கிடையாது. டிஸ்க் என்பது டேக் போட்ட ரிலீஸ். ஒருமுறை அச்சடித்துவிட்டால் அவ்வளவுதான். தப்பாக இருந்தாலும் அந்தத் தப்பு அப்படியே இருக்கும். பத்து வருஷம் கழித்து யாராவது "படம் இப்படித்தான் இருந்தது" என்று சொன்னால், எடுத்துப் போட்டுச் சரிபார்க்க ஒரு சாட்சி வேண்டும். எனக்கு டிஸ்க் அந்தச் சாட்சி.

'ராஞ்சனா'வுக்காவது பழைய பிரதிகள் ஏராளமாக உலவுகின்றன. 1950களின், 60களின் தமிழ்ப் படத்துக்கு என்ன சாட்சி இருக்கிறது? இந்தக் கேள்வியோடு பரிந்துரைக்கு வருகிறேன்.

ஒன்று: கல்பனா (1948)

மார்ட்டின் ஸ்கார்செசியின் வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட் மீட்டெடுக்கும் படங்களை அமெரிக்காவின் க்ரைடீரியன் நிறுவனம் தொகுப்புகளாக வெளியிடுகிறது. 2022-ல் வந்த நான்காவது தொகுப்பில் ஆறு படங்கள். அங்கோலா விடுதலைப் போராட்டம் பற்றிய 'சாம்பிசாங்கா', ஈரானின் 'செஸ் ஆஃப் தி விண்ட்' எல்லாம் இருக்கும் அந்தப் பெட்டிக்குள், மெட்ராஸ் ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது: நடனக் கலைஞர் உதய் சங்கர் இயக்கிய ஒரே படமான 'கல்பனா'.

படம் இந்தியில் இருந்தாலும் அதன் உடம்பு மெட்ராஸ்தான். இப்போது பார்க் ஹோட்டல் நிற்கிற இடத்தில்தான் அந்த ஸ்டுடியோ இருந்தது. ஒளிப்பதிவு கே. ராம்நாத். அதே 1948-ல், அதே ஜெமினியிலிருந்துதான் வாசனின் 'சந்திரலேகா' வந்தது. அதிலும் ராம்நாத்தின் கை உண்டு. சந்திரலேகாவின் முரசு நடனத்தைப் பற்றி எழுதாத தமிழ் சினிமா எழுத்தாளர் கிடையாது. அதே சமயத்தில் அதே வளாகத்தில் நடந்த இன்னொரு பெரிய சோதனையை நாம் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம்.

கதை ரொம்ப எளிது. ஒருத்தர் ஒரு படத் தயாரிப்பாளரிடம் கதை சொல்கிறார். கதைக்குள் உதயன் என்ற நடனக்காரன், இமயமலையில் ஒரு கலாகேந்திரம் கட்ட நினைக்கிறான். இரண்டு பெண்கள் அவனை நேசிக்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால் காதல் பகுதி சப்பென்று இருக்கிறது. வசனங்களில் பிரசங்க வாடை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, நடுவில் ஒருமுறை காபி போட எழுந்து போகலாம்.

ஆனால் நடனம் வந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. மேடையில் ஆடியதை எதிரே கேமரா வைத்துப் பதிவுசெய்த படம் இல்லை இது. கேமராவுக்காகவே அமைத்த நடனங்கள். ராம்நாத்தின் வெளிச்சம் ஆட்களைப் பாதி நிழலாக்கிவிடுகிறது. ஒரு பிம்பத்தின் மேல் இன்னொரு பிம்பம் ஏறுகிறது. தாழ்வான கோணத்தில் பார்க்கும்போது மனிதர்கள் கோபுரமாக நிற்கிறார்கள்.

அதில் உழைப்பும் இயந்திரமும் பற்றிய ஒரு நடனம் இருக்கிறது. தொழிலாளிகளின் உடல்களே சக்கரமும் நெம்புகோலும் ஆகிவிடுகின்றன. எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். வேப்பம்பட்டிலிருந்து விடிகாலை ரயில், ராத்திரி ரயில். இந்தி தெரியாது, கலைப்படம் என்றால் கும்பிடு போட்டுவிடுவார். இந்தக் காட்சி ஓடும்போது பேப்பரை மடக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். முடிந்ததும், "ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறமும் கை இப்படித்தான்டா ஆடும்" என்றார். இந்த டிஸ்க்குக்கு இதைவிட நல்ல விமர்சனம் என்னால் எழுத முடியாது. ஒரு பக்கம் திருவள்ளூர், இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி என்று ஆலைகளுக்கு நடுவில் வாழும் எங்களுக்கு, எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய இந்தக் காட்சி பழசாகத் தெரியவில்லை.

தரம் எப்படி? மினுமினுப்பாக எதிர்பார்க்காதீர்கள். புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் காத்து வைத்திருந்ததை அடிப்படையாகக் கொண்டு, இத்தாலியின் போலோன்யா நகரில் மீட்டெடுத்திருக்கிறார்கள். 2012-ல் கான் விழாவில் திரையிட்டார்கள். கீறல்கள் சில இடங்களில் தெரிகின்றன, ஒலியில் இரைச்சல் உண்டு. ஆனால் பிரேம் முழுசாக இருக்கிறது. கறுப்பு கறுப்பாக இருக்கிறது. எதையும் வழவழவென்று தேய்த்து பிளாஸ்டிக் முகமாக்கவில்லை. இந்தப் படத்தை மீட்கும் வேலையில் உதவிய அனுபவம்தான் சிவேந்திர சிங் துங்கர்பூரை 2014-ல் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் தொடங்கவும் தூண்டியது. அந்த அமைப்பின் பங்களிப்போடுதான் அரவிந்தனின் மலையாளப் படங்களான 'கும்மாட்டி'யும் 'தம்பு'வும் மீண்டன.

இன்னொரு சின்ன விஷயம். பத்மினியின் முதல் படம் இதுதான். கூட்டத்தில் ஆடும் பதின்ம வயதுப் பெண். அம்மாவிடம் இதைச் சொன்னதும் ரிமோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஓர் இடத்தில் நிறுத்தி "இதோ இவதான்" என்றார். அப்பா "அது இல்ல, பின்னாடி நிக்குதே அது" என்றார். அரை மணி நேரம் சண்டை. பாதத்திலிருந்து தலைவரை பிரேமில் இருந்ததால்தான் இந்தச் சண்டையே சாத்தியம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இரண்டு: ஃபாண்டம் இந்தியா (1969)

இது புது வெளியீடு இல்லை. க்ரைடீரியனின் 'எக்லிப்ஸ்' வரிசையில் 2007-ல் லூயி மாலின் ஆவணப்படங்கள் ஒரு பெட்டியாக வந்தன. எனக்குப் போன வருஷம்தான் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. எக்லிப்ஸ் வரிசையின் கொள்கையே சிக்கனம்: கூடுதல் பேட்டிகள் இல்லை, பெரிய மீட்டெடுப்பு இல்லை, கிடைத்த நல்ல மாஸ்டரை அப்படியே கொடுப்பது. ப்ளூரே அல்ல, வெறும் டிவிடி.

1968-ல் மால், ஒளிப்பதிவாளர் எத்தியேன் பெக்கர், ஒலிப்பதிவாளர் ஜான் க்ளோட் லோரூ என்று மூன்றே பேர், 16 எம்.எம். கேமராவோடு இந்தியாவில் சில மாதங்கள் சுற்றினார்கள். விளைவு ஏழு பாகங்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல். 1970-ல் பிபிசி இதை ஒளிபரப்பியபோது, இந்தியாவின் வறுமையையே காட்டுகிறது என்று நம் அரசாங்கம் கோபப்பட்டு, பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தது.

இரண்டாம் பாகம் முழுக்க மெட்ராஸ். மயிலாப்பூர் தேர் வருகிறது. கலாக்ஷேத்ராவில் நடனம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்புறம் ஒரு சினிமா ஸ்டுடியோ. அங்கே நடந்துகொண்டிருப்பது 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பு!

முதல்முறை பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏ.பி. நாகராஜன் படத்தின் தளத்துக்குள், 1968 ஜூலையில் படம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்னால், ஒரு பிரெஞ்சுக்காரர் கேமராவோடு நின்றிருக்கிறார். நாம் இத்தனை வருஷமாக முடிந்த பொருளாக மட்டுமே பார்த்த படம், முடியாமல், வேலையாக, வியர்வையாக இருக்கிறது.

மால் சொல்வதையெல்லாம் நான் ஏற்கவில்லை. நம் சினிமாவைப் பற்றிய அவர் பேச்சில் மேலிருந்து பார்க்கும் ஒரு புன்னகை இருக்கிறது. நாதஸ்வரத்துக்கும் பரதத்துக்கும் நடக்கும் போட்டி நமக்கு என்ன என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் தனக்குப் புரியவில்லை என்பதைப் படத்திலேயே திரும்பத் திரும்ப ஒத்துக்கொள்கிறார். அதனால் அவர் கருத்தைத் தள்ளிவிட்டு, அவர் கேமரா பார்த்ததை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள முடிகிறது. வறுமையை மட்டும் காட்டினார் என்று கோபப்பட்டவர்கள் இந்த இரண்டாம் பாகத்தைப் பொறுமையாகப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நடுவில் ஒரு கணக்கு

மாலின் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு, அதே சூட்டில் என்னிடம் இருந்த 'தில்லானா மோகனாம்பாள்' பிரதியை எடுத்துப் போட்டேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, இந்த நோய் எல்லா இடத்திலும் உண்டு.

பத்மினி ஆடுகிறார். பாதங்கள் இல்லை.

சலங்கை ஒலிக்கிறது, தாளம் கேட்கிறது, கணுக்காலுக்கு மேலேயே படம் முடிந்துவிடுகிறது. மேலே கொண்டையும் வெட்டுப்பட்டிருக்கிறது. இது யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, வெறும் வடிவக் கணக்கு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய நம் படங்களின் பிரேம் கிட்டத்தட்ட சதுரம், அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. இன்றைய டிவியில் இது 1.78. கறுப்புப் பட்டை தெரியக்கூடாது என்று அகலத்தை நிரப்பினால், உயரத்தில் 23 சதவீதம் போய்விடும். "ஸ்கோப்பில் மாற்றப்பட்டது" என்று 2.35-க்குக் கொண்டுபோனால் 42 சதவீதம் போகும்.

பாதிக்குக் கொஞ்சம் குறைவான படம்! பரதநாட்டியப் படத்தில் 42 சதவீதத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? தலையிலிருந்து கொஞ்சம், காலிலிருந்து மீதி.

2012-ல் 'கர்ணன்' டிஜிட்டலாக வந்து வசூல் அள்ளியதிலிருந்து பழைய படங்களின் மறுவெளியீடு ஒரு அலையாகவே வருகிறது. 'ஆயிரத்தில் ஒருவன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'வசந்த மாளிகை'... எனக்கும் சந்தோஷம்தான், கர்ணனுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆனால் இந்த விளம்பரங்களில் "பெரிய திரை", "புதிய ஒலி" என்பதெல்லாம் பெருமையாக வருகிறதே தவிர, எந்த நெகட்டிவிலிருந்து எடுத்தோம், பிரேமை என்ன செய்தோம் என்று நான் படித்ததில்லை.

அடுத்தது இடம். "மூணு படம் ஒரே டிவிடியில்" என்று வாங்கியிருப்பீர்கள், நானும் வாங்கியிருக்கிறேன். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி. ரெண்டே முக்கால் மணி நேரப் படங்கள் மூன்றை அதில் அடைத்தால் ஒரு விநாடிக்குச் சுமார் 1.27 மெகாபிட் வருகிறது, ஒலியும் சேர்த்து. பழைய விசிடியில் காட்சிக்கு மட்டுமே 1.15 மெகாபிட், ஒலி தனி. அதாவது டிவிடியின் பிக்சல்கள் நான்கு மடங்கு, ஆனால் அவற்றை நிரப்பக் கிடைக்கும் தகவல் விசிடியைவிடக் குறைவு. கூட்டக் காட்சிகளில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

மூன்றாவது, வேகம். சினிமா விநாடிக்கு 24 பிரேம். பிஏஎல் முறையில் 25. அதற்காகச் சில டிவிடிகளில் படத்தையே 4 சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். சுருதியும் கூடவே ஏறும், ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தில் சுமார் 70 சதவீதம். எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்தை அப்படிக் கேட்டால் அது அவர்கள் வைத்த சுருதி இல்லை. ப்ளூரேயில் 24 பிரேமே வைக்கலாம் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

மூன்று: அளவுகோலாக, அபு மூன்று படங்கள்

"பழைய நெகட்டிவ் போச்சுங்க, நாங்க என்ன பண்றது?" என்று சொல்பவர்களுக்காக இது. சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டனில் நடந்த தீவிபத்தில் சிக்கின. எரிந்து, சுருங்கி, ஒட்டிக்கொண்ட சுருள்களை யாரும் தூக்கிப் போடவில்லை. இருபது வருஷம் கழித்து அதே போலோன்யா கூடத்தில் அவற்றை ஈரப்படுத்தி, பிரித்து, கையாலேயே ஒட்டுப்போட்டு ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே வந்தன. மீதிக்கு உலகின் வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகள். 2015-ல் க்ரைடீரியன் வெளியிட்டது.

இந்த டிஸ்க்கை நான் விரும்பும் காரணம் அழகு மட்டும் இல்லை. எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். எரிந்ததையும் மறைக்கவில்லை.

இப்போது நம் பக்கம். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. சரி, அது ரொம்பப் பழசு. ஆனால் 1988-ல் வந்த 'வீடு'? தேசிய விருது வாங்கிய படம். 'வீடு', 'சந்தியா ராகம்' இரண்டின் நெகட்டிவ்களும் அழிந்துவிட்டன என்று பாலு மகேந்திராவே வேதனையோடு பேசியிருக்கிறார். தமிழ் சினிமாவுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு 2014-ல் போய்ச் சேர்ந்தார். தீவிபத்து எதுவும் நடக்கவில்லை, வெறும் அலட்சியமே போதுமாக இருந்தது. அந்த இரண்டு படங்களுக்கும் இன்று வீட்டு வீடியோ பிரதிகள்தான் கைவசம் உள்ள சாட்சி என்றால், "யாரு சார் டிஸ்க் வாங்குறா" என்ற கேள்விக்கு வேறு ஒரு கனம் வந்துவிடுகிறது.

சீரியல்களைப் பற்றி ஒரு வார்த்தை

'மர்மதேசம்' மாதிரித் தொடர்கள் டிஸ்க்கில் வருமா என்று சிலர் கேட்பதுண்டு. யூடியூபில் பார்ப்பதற்கும் டிஸ்க்குக்கும் அங்கே பெரிய வித்தியாசம் இருக்காது. அந்தக் காலத்துச் சீரியல்கள் வீடியோ டேப்பில் எடுத்தவை, பொருளிலேயே 576 வரிதான் இருக்கிறது. 35 எம்.எம். ஃபிலிமில் 4கே அளவுக்கு விவரம் உறங்கிக்கொண்டிருக்கும், டேப்பில் அது கிடையாது. ஆகவே பழைய சீரியலுக்கு "4கே" என்று போட்டிருந்தால், இல்லாததைக் கம்ப்யூட்டர் கற்பனை செய்து நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். டேப் அழிவதற்குள் உள்ளது உள்ளபடி மாற்றி வைத்தாலே போதும்.

பத்து நிமிஷச் சோதனை

ஒரு பழைய தமிழ்ப் படத்தின் பிரதி கையில் கிடைத்தால் நான் பார்ப்பது இவை:

1. 1973-க்கு முந்தைய படமா? இடமும் வலமும் கறுப்புப் பட்டை இருந்தால் நல்லது. திரை நிரம்பியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

2. டைட்டில் கார்டைப் பாருங்கள். மேல் வரியோ கீழ் வரியோ வெட்டுப்பட்டிருந்தால் படம் முழுக்கவும் அப்படித்தான். டைட்டிலே இல்லை என்றால் இன்னும் மோசம்.

3. ஒரு நடனக் காட்சிக்குப் போங்கள். பாதம் தெரிகிறதா?

4. ஓடும் நேரத்தைச் சென்சார் சான்றிதழில் உள்ள நீளத்தோடு ஒப்பிடுங்கள். 35 எம்.எம்.மில் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 27.4 மீட்டர். பத்து நிமிஷத்துக்கு மேல் குறைந்தால், ஒரு பாட்டோ நகைச்சுவைப் பகுதியோ போயிருக்கும்.

5. முகத்தில் நிறுத்திப் பாருங்கள். தோலில் மெல்லிய புள்ளிப்படலம் தெரிந்தால் அது ஃபிலிமின் இயல்பு. மெழுகு பொம்மை மாதிரி இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

6. மூலையில் டிவி சேனல் சின்னம் இருந்தால், நீங்கள் வாங்கியது ஒரு ஒளிபரப்பின் நகல்.

வாங்குவது எப்படி?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சுலபம் இல்லை. 'கல்பனா' இருக்கும் பெட்டி நூறு டாலருக்கு மேல், சுங்க வரி தனி. தள்ளுபடி சமயத்தில் வாங்கி அமெரிக்காவிலிருந்து வரும் நண்பனின் சூட்கேஸில் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த சிக்கல் ரீஜியன். ப்ளூரேயில் இந்தியா 'சி', அந்தப் பெட்டி 'ஏ'. டிவிடியில் நாம் 5, அமெரிக்கா 1. எல்லா ரீஜியனும் ஓடும் பிளேயர் வேண்டும். டிவிடிக்கு மட்டும் என்றால் கம்ப்யூட்டரில் விஎல்சி பெரும்பாலும் போதும். 4கே டிஸ்க்குகளுக்கு இந்த ரீஜியன் தொல்லையே இல்லை.

பழைய தமிழ் டிவிடிகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கினால் மூர் மார்க்கெட், பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார் என்று தேடலாம். வீட்டைக் காலி செய்பவர்கள் எடைக்குப் போடுவதிலும் கிடைக்கும். மூணு படம் ஒன்றாக இருப்பதை விட்டுவிட்டு, ஒரு படம் ஒரு டிஸ்க்காக இருப்பதை எடுங்கள். ஒன்று பத்து ரூபாய் இருபது ரூபாய்தான். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் ஓட்டி, படிக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருஷ டிஸ்க்குகள் சில விளிம்பிலிருந்து அரிக்க ஆரம்பித்திருக்கும்.

தமிழ்ப் படங்களின் உரிமை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். நாங்கள் போலோன்யா கேட்கவில்லை. பிரேமை வெட்டாமல், வேகத்தை மாற்றாமல், எங்கிருந்து எடுத்தது என்று அட்டையில் ஒரு வரி போட்டு, ஆயிரம் பிரதி அச்சடியுங்கள். ஐநூறு ரூபாய் என்றாலும் வாங்க ஆட்கள் இருக்கிறோம்.

அம்மா 'கல்பனா'வை அதற்கப்புறம் மூன்று தடவை பார்த்துவிட்டார், கதை இன்னும் புரியவில்லை. போன வாரம் டிவியில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டார்கள். திரை நிரம்ப, பளிச்சென்று. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுல காலே காட்ட மாட்டேங்குறான்?" என்று கேட்டார். நாற்பது வருஷமாகப் பார்க்கும் படம், இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். ஒரு முழு பிரேமைப் பார்த்துவிட்ட கண் அது.

உங்கள் வீட்டில் 'தில்லானா'வின் வெட்டாத பிரதி, விஎச்எஸ் கேசட்டாக இருந்தாலும் சரி, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பாதம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும்.